இரண்டாம் ஃபிட்டிங்

டர்பன், பிரின்ஸ் எட்வர்ட் தெரு, மாடியில்
வெள்ளைக்காரப் பையன்களுக்குப் பள்ளிக் கோட்டு தைத்தோம்.
என் மகன் நுழைய முடியாத பள்ளி.
அதன் முத்திரையை நாளொன்றுக்கு
நூற்றிருபது நெஞ்சில் வைத்துத் தைத்தவள் நான்.

வெட்டுமேசை மிஸ்டர் ஜெலிக்மனுடையது.
லித்துவேனியாவிலிருந்து கப்பலேறி வந்த யூதர்.
வாய் நிறையக் குண்டூசி இருந்தாலும் பேசுவார்.

பாஸ்டர் சொல்லியிருந்தார்:
"சிப்போராள், ஒரு யூதனை ஜெயித்துவிடு,
பரலோகத்தில் உனக்குத் தனிக் கிரீடம்."
கிளேர்வுட் பஸ்ஸில் மூன்று நாள்
துண்டுப்பிரசுரத்தை மனப்பாடம் பண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை, டீ மணி. நீட்டினேன்.
வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்,
இழை நெருக்கம் பார்ப்பவர் மாதிரி.

"கன்னி கர்ப்பமாவாளா? எங்கள் எழுத்தில்
இளம்பெண் என்றுதான் இருக்கிறது.
கிரேக்கத்துக்குப் போன இடத்தில் கன்னியாகிவிட்டாள்.
உங்கள் பாஷையில் எப்படி?"

எங்கள் தெருவில் தாலி ஏறாத எல்லாப் பெண்ணும்
கன்னிதான். யாரும் சாட்சி கேட்பதில்லை.
அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

"இன்னொன்று. இரண்டு ராஜாக்களின் படை வருகிறது.
நடுங்குகிற ஒரு ராஜாவுக்குத் தீர்க்கதரிசி அடையாளம் தருகிறார்.
எழுநூறு வருஷம் கழித்துப் பிறக்கும் பிள்ளை
அவனுக்கு எதற்கம்மா?
இன்றைக்கு உன் வீடு பற்றி எரிந்தால்
தண்ணீர் வண்டி எப்போது வரவேண்டும்?"

விடவில்லை நான்.
"அடிக்கக் கொண்டுபோன ஆடுபோல்
வாய் திறக்காமல் போனாரே, அவர் யார்?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.
மேசைமேல் வரிசையாக வைத்தார்.
"நாங்கள்."
பிறகு:
"ஒரு ஜனம் முழுவதையும் 'அவன்' என்றே கூப்பிடுவார் அவர்.
நாலு பக்கம் முன்னால் திருப்பிப் பார். பெயர் போட்டே இருக்கிறது."
பிறகு:
"என் தங்கையும் சிப்போராதான். குருவி என்று அர்த்தம்.
நாற்பத்தொன்றில் கடைசிக் கடிதம்."

பதினைந்து வருஷத்துக்கு முந்தின கடிதம்.
மூலையில் ஸ்டீம் பெட்டி
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஜன்னலைக் காட்டினார்.
கீழே கான்ஸ்டபிள் ஒருவன், ஒரு ஜூலுக்காரரை நிறுத்தி
பாஸ் கேட்டுக்கொண்டிருந்தான்.
அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே பைகளைத் துழாவினார்.
"மேசியா வந்த உலகம் இதுவா?
வாள் கொழுவாகிவிட்டதா? எங்கே, காட்டு."

"திரும்ப வருவார். இரண்டாம் வருகையில் எல்லாம்..."

சிரித்துவிட்டார்.
"முதல் ஃபிட்டிங்கில் சேரவில்லை,
அதனால் இரண்டாவது ஃபிட்டிங். முப்பது வருஷமாக
வாடிக்கைக்காரர்களுக்கு நானும் இதைத்தான் சொல்கிறேன்.
நீங்கள் ஆளை முதலில் பிடித்துவிட்டீர்கள் அம்மா.
பிறகு எங்கள் பெட்டியைத் திறந்து
பழைய துணிகளை அவன்மேல் வைத்து வைத்து வெட்டினீர்கள்.
தையல் நல்ல தையல். மறுக்கவில்லை.
துணி அவன் அளவுக்கு நெய்ததல்ல."

மனப்பாடம் பண்ணியதில் இதற்குப் பதில் இல்லை.
அதனால் என் வாயில் வந்ததைச் சொன்னேன்:

"இருக்கலாம் மிஸ்டர் ஜெலிக்மன்.
உங்களுக்கென்று கோட்டு வரும் என்று அளவோடு காத்திருக்கிறீர்கள்.
எங்களைத் தொட்டு யாரும் அளவெடுத்ததே இல்லை.
ஊரில் கோயில் வாசலுக்கும் வெளியே நின்றவர்கள் நாங்கள்.
கரும்புக்காட்டிலும் வரிசையில் கடைசி.
குளிரடித்தது. ஒருவர் கொடுத்தார்.
யாருடையது என்று கேட்காமல் போட்டுக்கொண்டோம்."

மணி அடித்தது. நூறு மெஷின் ஒரே சமயம் எழுந்தது.
அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் கிளம்புகிறவர்,
போகிற வழியில் பிரசுரத்தை என் மெஷின்மேல் வைத்தார்.
மூன்று இடத்தில் நீலச் சாக்கட்டிக் கோடு,
இங்கே பிரித்துத் தைக்கவும் என்று
நாங்கள் போடுகிற அதே கோடு.
அடியில், மடித்த வெட்டுத்துணி,
கருநீலம், நயம் கம்பளி,
ஒரு சிறுவன் கோட்டுக்குக் கணக்காக.

என் மகனின் தோளகலம்
அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஞாயிறு, பாஸ்டர் கேட்டார்: "ஜெயித்தாயா?"
"அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.